மிடில்மார்ச்சை எந்தப் பக்கத்தில் மூடிவைத்தீர்கள்?

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலைக் கையிலெடுத்த வாசகர்களிடம் அனுபவத்தைக் கேட்டிருந்தோம். முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், முடித்தும் மனம் ஒட்டாதவர்கள் என்று மூன்று தரப்பும் எழுதியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஆரம்பம் நன்றாகவே போனது. டாரதியா என்ற இளம்பெண், தன்னைவிட வயதில் மிகவும் மூத்த கசோபன் என்ற பாதிரியாரைக் கட்டிக்கொள்கிறாள். அடுத்து என்ன என்று பார்த்தால் அவளையே காணோம், யார் யாரோ வருகிறார்கள். அங்கேயே மூடிவிட்டேன். என் வாசிப்பில் கோளாறா?

பதில்: கோளாறு உங்களிடம் இல்லை. நாவல் உருவான விதம் அப்படி. எலியட் 1869-ல் தொடங்கியது லிட்கேட் என்ற இளம் மருத்துவரையும் ஒரு சிறுநகரத்தையும் பற்றிய கதை. 1870 கடைசியில் 'மிஸ் புரூக்' என்று வேறொரு கதையை எழுத ஆரம்பித்தார். பிறகுதான் இரண்டையும் சேர்த்து ஒரே நாவலாக்கினார். அந்தத் தையல் உங்கள் கையில் தட்டுப்பட்டிருக்கிறது.

முதல் பத்து அத்தியாயங்கள் டாரதியாவுடையவை. 11 முதல் 18 வரை வின்சி குடும்பம், லிட்கேட், வங்கிக்காரர் புல்ஸ்ட்ரோட் என்று நகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 19-ல் ரோம் நகரில் டாரதியா மறுபடி வருகிறாள். பலர் கைவிடுவது இந்த எட்டு அத்தியாயங்களில்தான், குறிப்பாக லிட்கேட்டின் முன்கதையும் மருத்துவ ஆராய்ச்சியும் அடைத்துக்கொண்டிருக்கும் 15-ல். அதில் உள்ள உடற்கூறியல் முழுக்கப் புரியவேண்டியதில்லை. இந்த ஆள் பெரிதாக எதையோ கண்டுபிடிக்கத் துடிக்கிறான், பெண்கள் விஷயத்தில் அந்தக் கூர்மை இவனுக்குக் கிடையாது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும்.

18-ஐ மட்டும் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். மருத்துவமனைக்குச் சம்பளத்துக்கு ஒரு பாதிரியாரை நியமிக்க ஓட்டெடுப்பு நடக்கிறது. வருடத்துக்கு 40 பவுண்டு. அந்தப் பணம் தேவைப்படுகிற நல்ல மனிதர் ஃபேர்பிரதர், லிட்கேட்டின் நண்பர். லிட்கேட் ஓட்டுப்போடுவதோ புல்ஸ்ட்ரோட் நிறுத்திய ஆளுக்கு. புல்ஸ்ட்ரோடின் தயவு இல்லாமல் புது மருத்துவமனை கிடையாது என்பதுதான் காரணம். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அன்றைக்கே அவன் 'புல்ஸ்ட்ரோட் ஆள்' என்று ஊரில் பெயராகிவிடுகிறது. ஐம்பது அத்தியாயம் கழித்து, அதே புல்ஸ்ட்ரோடிடம் 1,000 பவுண்டு கடன் வாங்கிய பிறகு, அவன் சொல்வதை ஊர் ஏன் நம்பவில்லை என்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

கேள்வி: எண்ணூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறதே, எத்தனை நாளில் முடிக்கலாம்?

பதில்: 86 அத்தியாயங்கள், ஒரு முன்னுரை, ஒரு முடிவுரை. மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். நாளுக்கு ஒரு அத்தியாயம் என்றால் மூன்று மாதத்துக்குள் முடியும். சராசரி அத்தியாயத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

முதல் வாசகர்களும் இதை ஒரே மூச்சில் படித்தவர்கள் அல்லர். 1871 டிசம்பரிலிருந்து 1872 டிசம்பர் வரை எட்டுப் புத்தகங்களாக வந்தது, முதலில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, கடைசியில் மாதம் ஒன்று. உங்கள் பிரதியிலும் அந்த எட்டுப் பகுதிகள் தனித்தனித் தலைப்போடு இருக்கும். ஒரு பகுதி முடிந்ததும் இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். நடு அத்தியாயத்தில் நிறுத்தி ஒரு வாரம் விட்டால்தான் நூல் அறுந்துபோகும்.

கேள்வி: யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடவில்லை. எல்லோரும் 'அங்கிள்', எல்லோரும் 'கசின்'.

பதில்: இங்கே தமிழ் கைகொடுக்கும். அட்டையின் உள்பக்கத்தில் உறவுகளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரெட் வின்சிக்கும் அவன் சகோதரி ரோசமண்டுக்கும் புல்ஸ்ட்ரோட் அத்தையின் கணவர், அதாவது மாமா. பணக்காரக் கிழவர் ஃபெதர்ஸ்டோனும் அவர்களுக்கு 'அங்கிள்'தான், ஆனால் அம்மாவின் சகோதரியைக் கட்டியவர். அவருடைய முதல் மனைவியோ கேலப் கார்த்தின் சகோதரி. அவர் உயிலைச் சுற்றி ஏன் இரண்டு குடும்பமும் வருகின்றன என்பது இப்படி எழுதினாலே விளங்கிவிடும்.

டாரதியா பின்னால் கட்டிக்கொள்ளும் லேடிஸ்லா, கசோபனுக்குப் பெரியம்மா பேரன். நம் கணக்கில் அவன் மகன் முறை, டாரதியா அவனுக்குச் சித்தி முறை. தமிழில் எழுதிப் பார்க்கும்போது திடுக்கென்று இருக்கும். நாவலின் ஊரில் இந்த முறைப் பேச்சே எழுவதில்லை, கசின் என்பதோடு சரி. அவனுக்குச் சொத்து இல்லை, நல்ல குடும்பம் இல்லை, கணவர் போய் ஒரு வருடம் கொஞ்சம் கழிந்ததுமே இவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்பதுதான் ஊர்வாய். நம் அதிர்ச்சியை அவர்கள் மேல் ஏற்றிப் படித்தால், கசோபன் உயிலில் பின்னால் சேர்த்த நிபந்தனை பிசகாகப் புரியும். லேடிஸ்லாவைக் கட்டினால் சொத்து போய்விடும் என்ற அந்த வரியை எழுதவைத்தது பொறாமை.

கேள்வி: அகராதி பார்த்தும் சில இடங்களில் பொருள் இடறுகிறது.

பதில்: தெரிந்த சொல்தான் காலை வாரும். 'லிவிங்' என்று வந்தால் பெரும்பாலும் வருமானத்தோடு கூடிய தேவாலயப் பதவி. 'மேக் லவ்' என்றால் காதல் மொழி பேசுவது, அவ்வளவுதான். 'வான்ட்' பல இடங்களில் இல்லாமையைக் குறிக்கும். மருத்துவர்களிலும் அன்று ஃபிசிஷியன், சர்ஜன், அபோதிகரி (மருந்து தயாரித்துக் கொடுப்பவர்) என்று படிநிலை உண்டு. மருந்து கொடுத்து அதில் சம்பாதிப்பது வழக்கம். லிட்கேட் மருந்து விற்க மறுக்கிறான். மற்ற மருத்துவர்கள் ஏன் பொருமுகிறார்கள் என்பது இது தெரியாவிட்டால் புரியாது.

கதை நடப்பது 1829-லிருந்து 1832 வரை. பிரிட்டனின் 1832 சீர்திருத்தச் சட்டம் ஓட்டுரிமையை விரிவாக்கியது. அரசியல் பேச்சு வரும் பக்கங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் தாராளம். பின்குறிப்புகள் உள்ள பதிப்பு வாங்குங்கள், ஆனால் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அதில் முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: கதை நகரும்போதெல்லாம் ஆசிரியர் குறுக்கே வந்து தத்துவம் பேசுகிறார். அவற்றை விட்டுவிட்டுப் படிக்கலாமா? சுருக்கப் பதிப்பு போதுமா?

பதில்: வேண்டாம். இந்த நாவலின் உயிரே அந்தக் குரல்தான். சுருக்கப் பதிப்பில் எஞ்சுவது இரண்டு சரியில்லாத கல்யாணங்கள், ஓர் உயில், ஒரு மிரட்டல்காரன். அந்தக் கதையை யாரும் எழுதலாம்.

29-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ஒரு நாள் காலை டாரதியா என்று வாக்கியம் ஆரம்பித்து அப்படியே அறுகிறது. ஏன் எப்போதும் டாரதியாவே? இந்தக் கல்யாணத்தில் அவள் பார்வை மட்டும்தானா? இப்படிக் கேட்டுவிட்டு, அதுவரை நாம் வெறுத்துவந்த கசோபனுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். உள்ளே இருப்பது பயந்துபோன ஒரு மனிதர். அந்தப் பத்தியை விட்டவருக்குக் கசோபன் கடைசிவரை வில்லன்தான்.

27-ல் வரும் உவமையைக் கையாலேயே சோதிக்கலாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகுப் பரப்பில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். ஒரு விளக்கைக் கிட்டே கொண்டுபோனால், அவை அந்தச் சுடரைச் சுற்றி வட்டம் வட்டமாக அடுக்கியதுபோல் தெரியும். விளக்கை நகர்த்தினால் வட்டமும் நகரும். அந்த விளக்கு ஒவ்வொருவருடைய சுயநலம் என்கிறார். ஊரே தனக்காக நடப்பதாக ரோசமண்ட் நினைப்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

நீண்ட வாக்கியம் திணறடித்தால் முதலில் எழுவாயையும் முதன்மை வினையையும் தேடுங்கள். தமிழில் வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடிச்சுப்போடும், ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்துவிடும். கடைசிவரை வினைக்குக் காத்திருந்தால் நடுவில் மூச்சு முட்டும். அது பிடிபட்டதும் மிச்சத்தை வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். 20-ஆம் அத்தியாயத்தில், மனித வாழ்க்கை முழுவதையும் கூர்ந்து உணர முடிந்தால் புல் வளரும் சத்தமும் அணிலின் இதயத் துடிப்பும் காதில் விழுவதுபோல் இருக்கும், மௌனத்துக்கு அப்பால் உள்ள அந்தப் பேரிரைச்சலிலேயே செத்துப்போவோம் என்று ஒரு வாக்கியம் வரும். அதில் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முழுசும் படித்தேன். லேடிஸ்லா பாத்திரம் ஒட்டவேயில்லை. எல்லோரும் புகழ்வதால் சொல்லவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்க வேண்டாம். 1873-லேயே நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் தன் மதிப்புரையில் லேடிஸ்லாவை ஒரு தோல்வி என்றுதான் எழுதினார். நாவலை நுணுக்கங்களின் கருவூலம், ஆனால் முழுமையாகப் பார்த்தால் சுமார் என்றார். லேடிஸ்லா விஷயத்தில் ஜேம்ஸ் சொன்னது சரி, முழுமை பற்றிச் சொன்னது சரியல்ல என்பது எங்கள் கருத்து. அந்த 18-ஆம் அத்தியாயத்து ஓட்டே அதற்குச் சாட்சி.

கேள்வி: ஒலிநூலாகக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். நகரத்து மக்கள் பேசும் காட்சிகள் காதில் கேட்க அருமை. கருத்து அடர்ந்த பத்திகளுக்குக் கையில் புத்தகம் வேண்டும்.

கேள்வி: திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வர, ஒரே ஓர் அத்தியாயம் சொல்லுங்கள்.

பதில்: 74. முன்கதை இவ்வளவு போதும்: பக்திமானாக ஊரை அதட்டிவந்த புல்ஸ்ட்ரோடின் பழைய பாவம் அம்பலமாகிவிட்டது. மனைவி ஹாரியட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் அண்ணன் வின்சி சொல்லித் தெரிந்துகொள்கிறாள். அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். பிறகு நகைகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒரு சாதாரணக் கறுப்பு உடையை உடுத்துக்கொண்டு கணவன் இருக்கும் அறைக்கு இறங்கி வருகிறாள். அவர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்து பார், நிக்கொலஸ் என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் அழுகிறார்கள். இதில் எவ்வளவு வெறும் பழி என்று அவளால் கேட்க முடியவில்லை. நான் குற்றமற்றவன் என்று அவரும் சொல்லவில்லை.