வழிகாட்டியின் மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வழிகாட்டி தேடுகிறேன். நான் அணுக நினைக்கும் பேராசிரியரின் எச்-குறியீடு (அவருடைய கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எண்) கூகுள் ஸ்காலரில் 41, ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் 28. எது சரி? இன்னொரு பேராசிரியருக்கு ஸ்கோபஸில் 19தான். ஆனால் அவருடைய ஆய்வுகள்தான் என்னை ஈர்க்கின்றன. எண் குறைந்தவரைத் தேர்ந்தெடுத்தால் தவறாகிவிடுமா?

பதில்: இரண்டு எண்களும் சரியாக இருக்கலாம். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் நூல்களையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. கூகுள் ஸ்காலரோ ஆய்வேடு, அறிக்கை, இன்னும் மதிப்பாய்வுக்குப் போகாத முன்வரைவு என்று இணையத்தில் கண்ணில் படும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அங்கே எண் பெரும்பாலும் பெரிதாகவே தெரியும். அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை அந்தப் பக்கத்தில் கலந்திருக்கவும் கூடும். ஒவ்வோர் ஆய்வாளரையும் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் உங்கள் பேராசிரியருக்கு இருந்தால், அந்த 16 இலக்க அடையாளத்தின் கீழுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரை ஒப்பிடும்போது ஒரே தளத்தின் எண்களையே பயன்படுத்துங்கள்.

எச்-குறியீட்டை 2005இல் முன்மொழிந்தவர் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ். கணக்கு எளிது. ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 40, 22, 9, 5, 4, 1 மேற்கோள்கள் பெற்றிருந்தால் அவருடைய குறியீடு 4. குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்குக்குக் குறையாமல் இருக்கின்றன, குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்றவை ஐந்து இல்லை. இந்த எண் ஏறுமே தவிர இறங்குவதில்லை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை. முதல் கட்டுரை வந்த ஆண்டைப் பார்க்காமல் 28, 19 என்ற எண்களுக்குப் பொருள் கிடையாது.

பொதுச் சுகாதாரத்தில் இன்னும் கவனம் வேண்டும். பல நாடுகளின் நோய், இறப்புக் கணக்குகளைத் தொகுக்கும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருங்கூட்டு முயற்சிகளின் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். அவற்றில் சில ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறுகின்றன. அந்த மேற்கோள்கள் ஒவ்வோர் ஆசிரியரின் கணக்கிலும் முழுமையாக ஏறும். அவற்றில் பங்களிப்பது மதிப்புள்ள வேலைதான். ஆனால் அந்தக் கட்டுரைகளை ஒதுக்கி வைத்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விடை. பட்டியலை மேற்கோள் வரிசையில் அடுக்கி, முதல் பத்துக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். பல ஆய்விதழ்கள் கட்டுரையின் இறுதியில் யார் ஆய்வை வடிவமைத்தார், யார் தரவுகளைப் பகுத்தாய்ந்தார் என்ற பங்களிப்பு விவரத்தை வெளியிடுகின்றன. அந்தச் சில வரிகள் எச்-குறியீட்டைவிட அதிகம் சொல்லும்.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்று எண்ணிவிட வேண்டாம். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ ஆய்விதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் மறுப்பதற்காகவே காட்டினார்கள். எண்ணும் இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகளும் புதிய களஆய்வுகளைவிடப் பொதுவாக அதிக மேற்கோள் பெறும். ஒருவருடைய குறியீட்டின் உயரம் முழுவதும் மீளாய்வுகளால் வந்ததா என்று பாருங்கள். களப்பணி கற்க விரும்புபவருக்கு அது முக்கியம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது எண்ணப்படாமல் போகும் தாக்கம். ஒரு கட்டுரை நாட்டின் தடுப்பூசி அட்டவணையை மாற்றியிருக்கலாம். குடிநீர்த் திட்டம் ஒன்றின் கொள்கை ஆவணத்தில் அடிக்குறிப்பாக இருக்கலாம். அத்தகைய ஆவணங்களில் பெரும்பாலானவை மேற்கோள் தரவுத்தளங்களுக்குள் வருவதில்லை. மக்கள் உடல்நலத்துக்கான துறையில் இது பெரிய குறை. ஓவர்டன் என்ற தரவுத்தளம் அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் வெளியிடும் கொள்கை ஆவணங்களில் ஆய்வுகள் எங்கே சுட்டப்படுகின்றன என்று தேடித் தருகிறது. அது கைக்கு எட்டவில்லை என்றால், அந்தப் பேராசிரியரின் தலைப்பில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையைத் திறந்து, துணைநூல் பட்டியலில் அவர் பெயரைத் தேடுங்கள். நீங்கள் சொல்லும் 19 குறியீட்டுக்காரர் அங்கே இருந்தால் நான் வியக்க மாட்டேன்.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள். அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு ஓர் ஆண்டில் கிடைத்த சராசரி மேற்கோள். இதழைப் பற்றிய எண். ஆய்வாளரை மதிப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆய்வு மதிப்பீட்டைப் பற்றி 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் தெளிவாகவே கேட்டுக்கொள்கிறது.

உங்கள் முடிவுக்கு நான் முதலிடம் தருவது வேறொன்றுக்கு. இந்தத் துறையில் குழுவை வழிநடத்துபவரின் பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும். இருவரும் கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளை எடுத்து, முதல் ஆசிரியர் யார் என்று பாருங்கள். மாணவர்களின் பெயர்கள் அங்கே தொடர்ந்து வருகின்றனவா? ஒரே மாணவர் இரண்டு மூன்று கட்டுரைகளில் முதல் ஆசிரியராக இருக்கிறாரா? அப்படிப்பட்ட இரண்டு மாணவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, தரவு யார் கையில் இருந்தது, வரைவைத் திருத்தித் தர எவ்வளவு காலம் ஆனது, ஆசிரியர் வரிசை எப்போது முடிவானது என்று கேளுங்கள். அந்தப் பதில்கள் நன்றாக இருந்தால், 19 என்ற எண்ணுக்காகத் தயங்க வேண்டாம். அவரிடமே முதலில் விண்ணப்பியுங்கள்.