ஷெல் சத்தம் நின்ற பிறகு: கேட்டவையும் சொன்னவையும்

இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் உளவளத்துணையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்ல. போரும் அது விட்டுப்போனதும் பற்றி எதுவும் கேட்கலாம் என்றேன். வந்த கேள்விகளில் சில இவை.

சென்னையிலிருந்து ஒரு மாணவர்: 2009 மே மாதத்தோடு போர் முடிந்துவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாதிப்பு என்கிறீர்களே, காலம் ஆற்றாதா?

தம்பி, முடிந்தது சண்டை. முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரோடு வந்த கிட்டத்தட்ட 3 இலட்சம் பேரை மெனிக் பாம் போன்ற முகாம்களில் முட்கம்பிக்குள் வைத்தார்கள். மெனிக் பாம் மூடியது 2012 செப்டெம்பரில். ஊருக்குத் திரும்பினால் வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும். சிலருக்கு அதுவும் இல்லை, காணியே இராணுவத்திடம். பிறகு வீட்டுக் கடன், வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர். இதெல்லாம் தினமும் புதிதாக நடப்பது. பழைய புண் ஆறுவதற்கு இடம் எங்கே?

இன்னொன்று. எங்கள் சனம் 'மனசு சரியில்லை' என்று வருவதில்லை. 'மேலெல்லாம் எரியுது', 'நெஞ்சுக்குள்ளை அடைக்குது' என்று வரும். இரத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்தால் ஒன்றும் இராது. ஒரு கேள்வி கேட்டால் முதலில் வரும் பதில் ஒரு பெருமூச்சு. ஆளை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊருமே காயப்பட்டிருக்கின்றன என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். ஆரம்பத்தில் எனக்கு அது பெரிய வார்த்தையாகப் பட்டது. மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் செத்த வீட்டுக்குப் பாடை கட்டத் தெரிந்த ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை என்று கண்ட அன்றுதான் விளங்கியது.

முல்லைத்தீவிலிருந்து ஒருவர்: கடைசி நாட்களில் வட்டுவாகலில் என் கணவரை இராணுவத்திடம் கையளித்தேன். இன்றுவரை தகவல் இல்லை. திதி கொடு என்கிறார்கள் சொந்தக்காரர். கொடுத்தால் நானே அவரைக் கொன்றது போல இருக்கிறது. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. எனக்கென்ன பைத்தியமா?

இல்லைத் தங்கச்சி. உங்களிடம் கேட்கப்படுவதுதான் நியாயமில்லாதது.

சாவுக்கு எங்களிடம் ஒரு பாதை இருக்கிறது. எட்டு, அந்தியேட்டி, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம். சனம் கூடும், ஒப்பாரி வைக்கும், சாப்பிடும். பிறகு ஒருநாள், 'சரி பிள்ளை, எழும்பி வேலையைப் பார்' என்று ஒரு கிழவி சொல்லும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இந்தப் படிகளில் ஒன்றுமே இல்லை. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பாஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் போகவும் இல்லை. இதில் துக்கம் உறைந்து நிற்பது உங்கள் பலவீனத்தால் அல்ல, தகவல் இல்லாததால்.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அம்மாவைத் தெரியும். மகனின் பிறந்தநாளுக்கு அவனுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்து, சோற்றோடு ஒரு கோப்பையில் போட்டு மூடி வைப்பார். விடிந்ததும் நாய்க்கு. "வந்தா சாப்பிட இருக்கோணும். வராட்டி அது பசியாறட்டும்" என்றார். இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே கோப்பையில் வைத்திருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததல்ல, நான் அவரிடம் கற்றது. நீங்களும் இன்றே முடிவெடுக்கத் தேவையில்லை. திதி இல்லாமல், கோயிலில் அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யலாம்.

அலுவல் விஷயம் ஒன்று: இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணவில்லை என்று பதிந்து சான்றிதழ் பெற 2016இல் சட்டம் வந்தது. வங்கி, காணி அலுவல்களுக்கு உதவும். அதை எடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வது ஆகாது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அந்தப் பந்தலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அரசியலைப் பற்றி உங்களுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்கட்டும். அங்கே பொட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

ரொறன்ரோவிலிருந்து: அப்பா 1996இல் கனடா வந்தவர். கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பை இருக்கும், தொட விடமாட்டார். நிலவறை நிறைய அரிசி மூட்டை. கனடா தினமான ஜூலை 1 வாணவேடிக்கை என்றால் கீழே போய்விடுவார். ஒன்றும் பேசமாட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணப் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. ஓர் அடி வைக்க எத்தனையோ நிமிடம். அதற்கு முன் பல வருடப் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கு, சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். அப்படி வாழ்ந்தவருக்கு அரிசி மூட்டை நோயல்ல, தெளிவு. பழைய தெளிவு புதிய நாட்டில் பொருந்தாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

போரைப் பற்றிக் கேட்காதீர்கள். பையைப் பற்றிக் கேளுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஒரு ஜோடி காப்பு இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும்.

புத்தளத்திலிருந்து: போரின் பாதிப்பு என்று நீங்கள் பேசும்போது வடக்கு முஸ்லிம்கள் அதில் வருகிறோமா?

வரவேண்டும். பெரும்பாலும் நாங்கள் விட்டுவிடுகிறோம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கில் இருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டே மணி நேரம், கொண்டுபோக விட்டது சில நூறு ரூபாய். அயல்வீட்டுத் தமிழர் படலைக்குள் நின்று பார்த்தார்கள். பயத்தில்தான், ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'எங்களுக்கும் அப்ப வாய் திறக்கேலாது' என்று இப்போதும் சொல்கிறோம். உண்மைதான். பிறகு திறக்கக்கூடிய காலத்திலும் அதிகம் திறக்கவில்லை. உங்கள் கேள்விக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாயில்லை.

மனநல மாத்திரை எடுத்தால் வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டி வருமா?

எல்லாருக்கும் அப்படி இல்லை. மருத்துவரைக் கேளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். இலங்கைக்குள் 1926க்கு அழைத்தால் மனநலம் பற்றிப் பேச ஆள் இருக்கும்.

மிதிவெடியில் கால் போய்ப் பதினேழு வருடம். இல்லாத பாதம் இரவில் எரிகிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவருக்குத் தெரியாது. கால் போனாலும் மூளைக்குள் அந்தக் காலின் படம் போகாது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியைப் பயன்படுத்தினார். இரண்டு காலுக்கும் நடுவில் நீளக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை மெதுவாக ஆட்டிக் கண்ணாடியைப் பார்க்கவேண்டும். இல்லாத கால் அசைவதுபோல் தெரியும். சிலருக்கு எரிவு இறங்கும், சிலருக்கு இல்லை. அலுமாரிக் கதவுக் கண்ணாடியே போதும். இயன்மருத்துவர் ஒருவரை வைத்துத் தொடங்குங்கள். செயற்கைக் கால் உரசுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் ஆசிரியை: என் வகுப்பில் எல்லாரும் 2010க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் ஹெலி பறந்தால் ஒரு பையன் மேசைக்குக் கீழே போகிறான். மற்றவர்கள் சிரிக்க, அடிபாடு. இவனுக்குப் போர் எப்படித் தெரியும்?

ரீச்சர், அவன் ஹெலிக்குப் பயப்படவில்லை. ஹெலி வந்தால் அம்மாவின் முகம் மாறுவதைத் தவழும் வயதில் இருந்து பார்த்திருக்கிறான். அம்மா பங்கருக்குள் கற்றதை அவன் அவர் மடியில் கற்றான்.

அதற்காக வகுப்பு முழுவதற்கும் போர்ப் பாதிப்பு என்று பெயர் ஒட்டாதீர்கள். பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், சில வீடுகளில் அப்பாவின் குடி. முதலில் அதைப் பாருங்கள். இவனுக்கு இப்போதைக்கு ஒன்று செய்யலாம்: முன்வாங்கில் இருத்தாமல், கதவும் வானமும் தெரிகிற இடத்தில் இருத்துங்கள். சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்து 'ரீச்சர், ஹெலி போயிட்டுது' என்று வகுப்புக்குச் சொல்லும் வேலையை அவனிடமே கொடுங்கள்.