பிரிட்ஜ் மீன் கெட்டதைச் சென்சார் மோந்து சொல்லுமா? கேட்டவர்களுக்குப் பதில்

கடல் உணவு ஆய்வகத்தில் வேலை. வாடை சென்சார்களோடு மல்லுக்கட்டிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. அது தெரிந்து பலரும் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பிரிட்ஜில்தானே வைக்கிறேன், மூணாம் நாளே மீன் ஏன் நாறுகிறது?

அக்கா, பிரிட்ஜ் குளிர் நமக்குத்தான் குளிர். கடல் மீனின் தோலிலும் செவுளிலும் குடலிலும் இருக்கிற பாக்டீரியாவில் பல குளிர்ந்த தண்ணீரிலேயே பிழைத்துப் பழகியவை. ஷெவனெல்லா, சூடோமோனாஸ், போட்டோபாக்டீரியம் என்று மூன்று பெயர் தெரிந்தால் போதும். கடல் மீனின் சதையில் ட்ரைமெத்தில் அமீன் ஆக்ஸைடு என்று ஒரு பொருள் உண்டு, அதற்கு வாடையே கிடையாது. ஷெவனெல்லாவும் போட்டோபாக்டீரியமும் அதிலிருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு ட்ரைமெத்தில் அமீனாக மாற்றிவிடுகின்றன. நாம் கவிச்சி என்று மூக்கைச் சுளிக்கிற வாடையில் பெரும்பங்கு அதுதான்.

கெடும் வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஐஸில், அதாவது 0 டிகிரியில், கெடுகிற வேகத்தை 1 என்று வைத்தால் 5 டிகிரியில் 2.25 மடங்கு, 10 டிகிரியில் 4 மடங்கு. ஐஸில் 9 நாள் தாங்குகிற மீன் 5 டிகிரி பிரிட்ஜில் 4 நாள்தான். கடையில் ஏற்கெனவே எத்தனை நாள் கிடந்ததோ, அதையும் இதில் கழிக்க வேண்டும்.

கேள்வி: பாலிடெக்னிக் கடைசி வருடம். அர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டில் எம்க்யூ-137 என்ற அமோனியா சென்சாரை மாட்டி மீன் டப்பாவுக்குள் வைத்தேன். நல்ல மீனுக்கும் அளவு ஏறுகிறது. சென்சார் பழுதா?

பழுது இல்லை தம்பி, இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். உள்ளே இருப்பது சூடாக்கப்பட்ட டின் ஆக்ஸைடு. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மின்தடை அதிகமாக இருக்கும். அமோனியாவோ அமீனோ வந்து அந்த ஆக்ஸிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டுத் தடை இறங்கும், நீ பார்க்கும் அளவு ஏறும். ஜப்பானில் தாகுச்சி என்பவர் 1962ல் இதற்குக் காப்புரிமை கேட்டபோது மனதில் இருந்தது கேஸ் கசிவு. மீன் பிற்பாடு வந்ததுதான். சிக்கல் என்னவென்றால் சாராய ஆவி, சமையல் கேஸ், எல்லாவற்றையும் விட ஈரப்பதம், எது வந்தாலும் இந்தச் சென்சார் அசையும்.

நான் முதலில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியில் ஓட்டை போட்டுச் சென்சாரைச் சொருகி, உள்ளே நாலு மத்தி வைத்து பிரிட்ஜில் விட்டேன். இரண்டு மணி நேரத்தில் அளவு எகிறியது. திறந்து பார்த்தால் மீன் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக அப்படியே இருக்கிறது, ஆனால் மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். சென்சாரின் சூட்டில் மீனின் ஈரம் கிளம்பிக் குளிர்ந்த மூடியில் படிந்திருக்கிறது. அதுவரை நான் அளந்துகொண்டிருந்தது வெறும் தண்ணீரை. அப்புறம் அதே டப்பாவில் ஈரத்துணி மட்டும் வைத்து அளந்தேன், ஏறக்குறைய அதே கோடு வந்தது.

அதனால் நீ செய்ய வேண்டியது: சென்சாரைப் பிரிட்ஜுக்கு வெளியே வை. மீன் டப்பாவின் காற்றைச் சின்னப் பம்பால் குழாய் வழியே இழுத்துச் சென்சாருக்குக் கொண்டு வா. நடுநடுவே சுத்தமான காற்றை ஓட்டி, அந்த அளவோடு ஒப்பிட்ட விகிதத்தை மட்டும் எழுது. தனி எண்ணை நம்பாதே. ஈரத்துணி டப்பா ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். புதுச் சென்சாரை 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற்றிவிட்டுத்தான் முதல் அளவை எடுக்க வேண்டும். சிலிக்கோன் பசையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதே, அதன் ஆவி டின் ஆக்ஸைடின் மேல் படிந்து சென்சாரையே கொன்றுவிடும்.

கேள்வி: மீன் கடை வைத்திருக்கிறேன். ஒரே கருவி எல்லா மீனுக்கும் சரிப்படுமா?

சரிப்படாது அண்ணாச்சி. சுறாவும் திருக்கையும் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்திருப்பவை. பாக்டீரியா அதை உடைத்தால் அமோனியா குபுகுபுவென்று வரும், அதனால் மத்திக்கு வைத்த எல்லையைப் பால்சுறாவுக்கு வைத்தால் கருவி சீக்கிரமே கத்திவிடும். கட்லா, ரோகு நேர் எதிர். ஆற்று மீனில் முதலில் சொன்ன ட்ரைமெத்தில் அமீன் ஆக்ஸைடு மிகக் குறைவு, அதனால் கெட்ட பிறகும் அமீன் சென்சார் சும்மா இருக்கும். அங்கே சூடோமோனாஸ் கிளப்புகிற கந்தக வாடையையும் சேர்த்துப் பிடிக்கிற கருவி வேண்டும். ஒவ்வொரு வகை மீனுக்கும் தனித்தனியாக அளந்து பழக்காத கருவியை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: எலுமிச்சை, புளி போட்டுக் கழுவினால் வாடை போகிறதே. கருவியும் ஏமாறுமா?

நன்றாகவே ஏமாறும். ட்ரைமெத்தில் அமீன் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டதும் உப்பாக மாறி ஆவியாகாமல் சதையிலேயே தங்கிவிடும். சாதாரண மீன் சதையிலேயே ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் ஆவியாகக்கூடிய நிலையில் இருக்கும், புளித்தண்ணீர் அதையும் அடக்கிவிடும். வாடைதான் போகிறது, பாக்டீரியா செய்த வேலை அப்படியே இருக்கிறது. கழுவும் முன்பே அளந்துவிடுங்கள்.

கேள்வி: ஃபார்மலின் தடவிய மீனைக் காட்டிக்கொடுக்குமா?

காட்டாது. ஃபார்மலின் பாக்டீரியாவைக் கொன்றுவிடுவதால் அமீன் வராது, கருவி "புது மீன்" என்று சொல்லும். இதற்கென்றே கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டைச் சோதனை கொண்டுவந்தது. 2018ல் ஃபார்மலின் பயம் பரவியபோது அதிகாரிகள் கையில் இருந்தது அதுதான்.

கேள்வி: சரி, கருவி பச்சை விளக்கு காட்டினால் தைரியமாகச் சாப்பிடலாம்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவும் எழுதுகிறேன். கூடாது. கருவி கண்டுபிடிப்பது வாடையைக் கிளப்பும் பாக்டீரியாவின் வேலையை மட்டும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மூன்றிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய. மீன் வெயிலில் கிடக்கும்போது மார்கனெல்லா போன்ற பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஹிஸ்டமினுக்கு நம் மூக்குக்குத் தெரிகிற வாடை இல்லை, அதை ஆவியாகப் பிடிக்கவும் முடியாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. பாக்டீரியா உண்டாக்கிய என்சைம் ஐஸில் வைத்த பிறகும் மெதுவாக வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் கிலோவுக்கு 200 மில்லிகிராமை உச்ச எல்லையாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய மீனைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரித்து, தலைவலி வரும், பலர் அதை "எனக்கு மீன் அலர்ஜி" என்று நினைத்துக்கொள்கிறார்கள். வலையிலிருந்து எடுத்த மீனுக்கு உடனே ஐஸ் போட்டார்களா என்பதுதான் இங்கே விஷயம், அதை வீட்டில் வைத்த எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

லிஸ்டீரியா என்ற நோய் தரும் பாக்டீரியாவும் அப்படித்தான். பிரிட்ஜ் குளிரிலேயே வளரும், வாடையே காட்டாமல் ஆபத்தான அளவுக்குப் போய்விடும். கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் பச்சை விளக்கை நம்பி அரைவேக்காட்டு மீன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நிறம் மாறுகிற லேபிள் வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. சங்குப்பூவைக் கொதிக்கவைத்த நீலச் சாற்றில் வடிதாளை நனைத்து, நிழலில் உலர்த்தி, மீன் மேல் படாமல் டப்பா மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். அமீன் காரம் என்பதால் நீலம் மெல்லப் பச்சைப் பக்கம் போகும். அதற்குள் மீன் நன்றாகவே கெட்டிருக்கும் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான பரிசோதனை, சமைக்கலாமா என்று முடிவெடுக்க உதவாது.

கேள்வி: மூக்கு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

வீட்டுக்கு மூக்கு போதும், கடையில் வாங்கும்போது செவுளைத் தூக்கி மோந்து பாருங்கள். ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பெட்டியைத் தரம் பிரிக்கிற ஆளின் மூக்கு அரைமணியில் மரத்துவிடுகிறது, எங்கள் ஆய்வகத்தில் தினமும் பார்க்கிறேன். 1982ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெர்சாடும் டாடும் பல சென்சார்களைச் சேர்த்து மூக்கைப் போல வாடையின் வடிவத்தை அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். அந்த வழியில் வந்த கருவி பெட்டி பெட்டியாக ஒரே அளவுகோலால் அளக்கும். எங்கள் இடத்தில் கருவி சந்தேகப்பட்ட பெட்டியைத் தனியே எடுத்து வைப்போம், அதிலிருந்து ஒரு மீனை ஆய்வகத்தில் அறுத்து ஹிஸ்டமின் பார்த்த பிறகுதான் அந்தப் பெட்டி லாரி ஏறும் அல்லது குழிக்குப் போகும்.