ஆடிட் வந்தால் ஆர்டர் போய்விடுமா?

கேள்வி: இலங்கை, மியான்மர் என்றாலே மனித உரிமை பற்றிக் கேட்கச் சொல்லி எழுதுகிறீர்கள். கேட்டால் அவர்கள் சீனா பக்கம் போய்விடுவார்கள். அமெரிக்காவே சவூதியோடு கொஞ்சிக் குலாவும்போது நமக்கு மட்டும் எதற்கு இந்த நல்லவர் வேஷம்?
- பனியன் கம்பெனி நடத்தும் வாசகர், காங்கயம்

பதில்: ஏனுங்க, பனியன் கம்பெனி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார். வந்தவர் சம்பளப் பதிவேட்டைப் புரட்டுகிறார், ஓவர்டைம் கணக்கைக் கேட்கிறார், அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்க்கிறார். (முதல் நாள் ராத்திரி மட்டும் அந்தக் கதவின் பூட்டைக் கழற்றி வைப்பவர்களும் உண்டு. அது தனிக் கதை.) குறைகளை எழுதி, இன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். அதற்காக ஆர்டர் நின்றுவிடுகிறதா? நீங்கள்தான் கோபித்துக்கொண்டு வேறு பையரைத் தேடிப் போகிறீர்களா? இரண்டும் இல்லை. கணக்கும் கேட்கிறார், சரக்கும் எடுக்கிறார். இதே காரியத்தை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் செய்தால் மட்டும் உறவு முறிந்துவிடும் என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, இலங்கைக்கு வருவோம். கேட்காமல் இருந்தால் சீனா வராது என்பது உங்கள் கணக்கு. நடந்தது என்ன? 2009 மே மாதம், போர் முடிந்த சில நாட்களிலேயே, ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012-லும் 2013-லும் இலங்கையிடம் பொறுப்புக் கேட்கும் தீர்மானங்களை ஆதரித்தோம். 2014 மார்ச்சில், சர்வதேச விசாரணை என்று வந்தபோது, வாக்களிக்காமல் ஒதுங்கிவிட்டோம். அதே ஆண்டு செப்டம்பரில் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்றது. 2017-ல் தென்னிலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2021-லும் ஒதுங்கினோம். 2022 ஆகஸ்டில் சீனாவின் கண்காணிப்புக் கப்பலான யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது. அக்டோபரில் மனித உரிமைக் கவுன்சிலில் வந்த தீர்மானத்தில் மறுபடியும் ஒதுங்கினோம். வாயை மூடிக்கொண்டு நாம் வாங்கிய சரக்கு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம்.

கேட்ட காலத்தில் ஒன்று நடந்தது. 2013 செப்டம்பரில் வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் வந்தது. இந்தியாவின் வாக்கு மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நெருக்கடியில் அதுவும் சேர்த்தி. அந்தச் சபையின் காலம் 2018-ல் முடிந்தது. அப்புறம் தேர்தலை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். இடையில் 2022-ல் அந்த நாடு டீசலுக்கும் மருந்துக்கும் தவித்தபோது இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. கொடுத்தது நியாயம். கூடவே ஒரு தேர்தல் தேதியை எழுதி வாங்கியிருக்கலாம். நீங்கள் ஒரு லட்சம் கைமாற்றுக் கொடுத்தாலே தேதி கேட்காமல் கொடுப்பீர்களா?

ஐரோப்பா கேட்டது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்தால் வரிச்சலுகை என்பது அவர்கள் ஏற்பாடு. சித்திரவதை, குழந்தைகள் உரிமை, அரசியல் உரிமை ஆகிய மூன்றிலும் இலங்கை தவறியது என்று 2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தினார்கள். ஆட்சி மாறி, வாக்குறுதிகள் வந்தபின் 2017-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்காகக் கொழும்பு ஐரோப்பாவோடு உறவை வெட்டிக்கொள்ளவில்லை.

அமெரிக்கா விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். சவூதி அரசை விமர்சித்த பத்திரிகையாளர் கஷோகி, அந்த நாட்டு ஆட்களாலேயே கொல்லப்பட்டது 2018 அக்டோபரில். சவூதியை ஒதுக்கி வைப்பேன் என்று தேர்தலுக்கு முன் முழங்கிய பைடன், பெட்ரோல் விலை ஏறியதும் 2022 ஜூலையில் ஜித்தாவுக்குப் போய் இளவரசரோடு முஷ்டி தட்டிவிட்டு வந்தார். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான், கட்டாய உழைப்பைக் காரணம் காட்டிச் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியிலிருந்து வரும் சரக்கை, பருத்தி உள்பட, தடுக்கும் சட்டத்தை அதே அமெரிக்கா அமலுக்குக் கொண்டுவந்தது. இந்தத் தடையால் நமக்கு ஆர்டர் கூடுமா என்றுதான் திருப்பூரில் பேசிக்கொண்டோம். வேஷம் என்று யாரும் எரிச்சல்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எரிச்சல் வந்தது வேறொரு சமயத்தில். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி, சின்னப் பெண்களை விடுதியில் அடைத்து வைத்தது 2011 வாக்கில் ஐரோப்பாவரை பேச்சானது. அப்போது நம் பக்கத்தில் எத்தனை பேர் ‘அந்நியச் சதி’ என்றார்கள்! பையர்கள் கடிதம் எழுதத் தொடங்கியபின்தான் பல விடுதிகளின் கேட் கொஞ்சம் திறந்தது. போட்டிக்காரனிடம் கேட்டால் நியாயம், நம்மிடம் கேட்டால் சதி. வேஷம் எந்த ஊரில் இல்லை, சொல்லுங்கள்.

இந்தியாவுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. இந்தியர்களைத் தென்னாப்பிரிக்கா நடத்திய விதத்துக்காக 1946-லேயே, சுதந்திரத்துக்கு முன்பே, அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஐ.நா.வில் புகார் கொடுத்த நாடு இது. நாற்பது வருடத்துக்கு மேல் அதில் உறுதியாக நின்றோம்.

மியான்மர் பற்றி என்னால் இவ்வளவு திடமாகப் பேச முடியாது. 1,600 கிலோமீட்டர் எல்லை, காட்டுக்குள் தீவிரவாத முகாம்கள், இந்தப் பக்கம் ஓடி வரும் அகதிகள். அங்கே அதிகாரத்தில் இருப்பவர் யாரானாலும் டெல்லி பேசித்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 மார்ச் 27 அன்று, ஆட்சியைப் பிடித்து இரண்டு மாதம்கூட ஆகாத ராணுவம் தன் அணிவகுப்பை நடத்தியது. எட்டு நாடுகள்தான் ஆள் அனுப்பின, அதில் நாமும் ஒன்று. அன்று ஒரே நாளில் தெருவில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். எல்லைக்காகப் பேசுவது சரி. அந்த மேடைக்குப் போய் உட்கார்ந்து எந்த எல்லையைக் காப்பாற்றினோம்?