பாட்டு வந்தா கதை நிக்குதா?

கேள்வி: கென்னத் பிரானா எடுத்த ‘மச் அடோ அபவுட் நத்திங்’ படத்தை இப்பதான் பாத்தேன். ஷேக்ஸ்பியரோட காமெடியே வசனத்துலதான் இருக்கு. அதுக்குப் போய் எதுக்கு இவ்ளோ பெரிய ஆர்கெஸ்ட்ரா? ஒரே பாட்டு மூணு தடவை வேற வருது. மேடை நாடகத்துல இல்லாத மியூசிக்கை சினிமாக்காரங்க ஏன் திணிக்கிறாங்க? பாட்டு வந்தா கதை நிக்குது, அவ்ளோதான்.

பதில்: நாடகத்துல மியூசிக் இல்லைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? 1600-ல அச்சான புத்தகத்துலயே இருக்கு. ரெண்டாவது அங்கத்துல முகமூடி போட்டுட்டு ஆடுற டான்ஸ் இருக்கு, அதுக்கப்புறம் தோட்டத்துல பால்தசார்ங்கற பாடகன் பாடுற பாட்டு, அஞ்சாவது அங்கத்துல ராத்திரி நேரத்துல சமாதி முன்னாடி பாடுற இரங்கல் பாட்டு, கடைசில எல்லாரும் ஆடுற ஆட்டம். இதுல எதையும் 1993-ல பிரானாவோ மியூசிக் போட்ட பேட்ரிக் டாயலோ கண்டுபிடிக்கல, ஷேக்ஸ்பியரே எழுதி வச்சது. அதனால ‘திணிக்கிறாங்க’ங்கற வார்த்தையை மொதல்ல வாபஸ் வாங்கிக்கோங்க.

சரி, பாட்டு வந்தா கதை நிக்குதுன்னு சொல்றீங்களே, அந்தத் தோட்டத்து சீனையே எடுத்துக்குவோம். காதலே வேணாம்னு சொல்லிட்டுத் திரியிற பெனடிக் ஒளிஞ்சு நின்னு கேக்குறான், அவனோட எப்பவும் வாய்ச்சண்டை போடுற பியாட்ரிஸ் அவனைக் காதலிக்கிறதா நம்ப வச்சு ஏமாத்தறதுக்காக டான் பெட்ரோ, கிளாடியோ, லியனாட்டோ மூணு பேரும் பேசப் போறாங்க, அந்தப் பேச்சுக்கு முன்னாடிதான் பால்தசார் பாடுறான். என்ன பாடுறான்? பொண்ணுங்களே பெருமூச்சு விடாதீங்க, ஆம்பளைங்க எப்பவுமே ஏமாத்துறவங்கதான், ஒரு கால் கடல்ல ஒரு கால் கரையில, எதுலயும் நிலையா நிக்க மாட்டாங்க, போனா போகட்டும்னு விட்டுட்டு சந்தோஷமா இருங்க, இதுதான் பாட்டு. அதை ரசிச்சு உக்காந்து கேக்குறது யாருன்னு கவனிச்சீங்களா? கொஞ்ச நேரம் கழிச்சு கல்யாண மேடையில, தான் கட்டிக்கப் போற ஹீரோங்கற பொண்ணை, பொய்ப் பழியை நம்பி எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்துறது கிளாடியோ, அதுக்கு ஒத்து ஊதுறது டான் பெட்ரோ, பெத்த அப்பனா இருந்தும் அதை நம்பிட்டு இவ செத்துப் போனாலே தேவலைன்னு சொல்றது லியனாட்டோ. பாட்டைக் கேட்டு தலையாட்டுன அதே மூணு பேர்! அவங்க என்ன செய்யப் போறாங்கன்னு பாட்டு முன்னாடியே அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சு, ஒருத்தனுக்கும் உறைக்கல.

பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ‘ஆட்டுக்குடல்ல செஞ்ச நரம்பு மனுஷன் உயிரை உடம்புலருந்து உருவுதே’ன்னு நக்கலடிச்சு, பாடி முடிச்சதும் ஒரு நாய் இப்படி ஊளையிட்டிருந்தா தூக்குல போட்டிருப்பாங்கன்னு சொல்றானே பெனடிக், அவன்தான் அந்தக் கல்யாண சர்ச்சுல கிளாடியோவும் டான் பெட்ரோவும் கெளம்பிப் போனப்புறமும் பொண்ணு பக்கத்துல நிக்கிறவன், இதுல ஏதோ சூது இருக்குன்னு சந்தேகப்படுறவன். இதையெல்லாம் சும்மா நேரம் போக்க எழுதுன பாட்டுன்னு என்னால ஏத்துக்க முடியாது.

இன்னும் பாருங்க, பெனடிக்கோட மொத்த மாற்றமும் மியூசிக் வழியாத்தான் நடக்குது. மொதல்ல கிளாடியோவைப் பத்தி, போர் முரசைத் தவிர வேற எதையும் கேக்காத பய இப்ப காதல்ல விழுந்து குழலும் தம்பட்டமும் கேக்குறான்னு திட்டுவான். அஞ்சாவது அங்கத்துல இவனே தனியா உக்காந்து காதல் பாட்டு பாடிப் பாக்குறான். கடைசில லியனாட்டோ, கல்யாணம் முடியட்டும் அப்புறம் ஆடலாம்ங்கறார், இவன் முடியாது, மொதல்ல ஆட்டம், வாசிங்கடாங்கறான். நாடகத்தோட கடைசி வார்த்தையே குழல்காரங்களை வாசிக்கச் சொல்றதுதான், அதுவும் நாய் ஊளைன்னு சொன்ன இவன் வாயிலருந்து.

இப்ப டாயல் என்ன பண்ணியிருக்கார்னு பாப்போம். நாடகத்துல ஒரு எடத்துல மட்டும் வர்ற பாட்டை எடுத்து படத்தோட தலையிலயும் வாலிலயும் வச்சிருக்கார், அதத்தான் மூணு தடவைன்னு எண்ணியிருக்கீங்க. ஆனா மூணும் ஒண்ணு இல்லைங்க. ஆரம்பத்துல அது மெட்டே இல்லாம, பியாட்ரிஸா நடிச்ச எம்மா தாம்ப்சன் வாயில வெறும் சொல்லா வருது, எழுத்து திரையில ஒவ்வொண்ணா விழுது. நாடகத்துல ஆம்பளை பாடுற வரியைப் பொண்ணு சொல்லும்போது அது சமாதானம் இல்ல, எச்சரிக்கை. தோட்டத்துல டாயலே பால்தசாரா வந்து பாடுறார், அங்க அது நெசமாவே இனிமையான பாட்டு, இனிமையா இருக்கறதாலதான் அந்த மூணு பேரும் வார்த்தையை விட்டுடறாங்க. கடைசில ஒரு குரல்ல ஆரம்பிச்சு மொத்த கூட்டமும் சேந்து பாட, கேமரா வெட்டே இல்லாம அவங்க நடுவுல சுத்திச் சுத்திப் போயி மேல ஏறுது. இதே பிரானாவும் டாயலும் 1989-ல ‘ஹென்றி தி ஃபிஃப்த்’ படத்துல போர் முடிஞ்ச களத்துல இதே மாதிரி செஞ்சாங்க, அங்கயும் டாயல்தான் ஒரு சிப்பாயா தனியா பாட ஆரம்பிப்பார், அப்புறம் கோரஸ் சேரும், கேமரா வெட்டாம நடந்துட்டே இருக்கும். அங்க பொணத்தைத் தூக்கிட்டுப் போனாங்க, இங்க கல்யாண ஆட்டம். ஆனா அந்த ஆட்டத்துல எல்லாரும் சந்தோஷமா பாடுறது என்ன? ஆம்பளைங்க எப்பவும் ஏமாத்துறவங்கதான்னு! ஹீரோவுக்கு நடந்தது எதையும் படம் மறக்கலை, டான்ஸ் ஆடிக்கிட்டே ஞாபகம் வச்சிருக்கு. வசனத்தால இதைச் சொல்ல முடியாதுங்க, ஏன்னா வசனம் முடிஞ்சு போச்சு.

ஆர்கெஸ்ட்ரா பெருசுங்கறது வேற விஷயம். பெருசா சின்னதாங்கறதை விட எங்க வாசிக்கிறாங்கங்கறதுதான் முக்கியம். 2012-ல அமெரிக்க இயக்குநர் ஜோஸ் வீடன் இதே நாடகத்தைத் தன் சொந்த வீட்டுலயே 12 நாள்ல கருப்பு வெள்ளையில எடுத்தார், மியூசிக்கும் அவரே. ஜாஸ் இசை வாடையோட அடக்கமா இருக்கும், அந்த வீட்டுக்கு அது போதும். பிரானா படத்துல இத்தாலியோட டஸ்கனி வெயில்ல குதிரை மேல வர்ற கூட்டத்துக்கு அது பத்தாது. காமெடியை நெசமா கெடுக்குற மியூசிக் எதுன்னா, ஒருத்தர் ஜோக் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ட்ரோம்போன்ங்கற ஊதுற வாத்தியம் ஒரு இழுப்பு இழுத்து ‘சிரிங்க’ன்னு உத்தரவு போடுமே, அதுதான். சிரிப்பு வர்றதுக்கு ஒரு நொடி அமைதி வேணும், அந்த நொடியைத் திருடுற எந்த வாத்தியமா இருந்தாலும் நானும் உங்க கட்சிதான். பியாட்ரிஸ் ஊஞ்சல்ல பறக்குறப்பவும் பெனடிக் நீரூத்துல குதிக்கிறப்பவும் ஆர்கெஸ்ட்ரா முழுசா எழும்புதே, அதைச் சொல்லுவீங்கன்னு தெரியும். அங்க யாராவது பேசிட்டு இருக்காங்களா? பேச்சையே ஆயுதமா வச்சிருந்த ரெண்டு பேருக்கும் முதல் தடவையா பேச்சு வரல. அங்க வாசிக்காம வேற எங்க வாசிக்கிறது?

ஒண்ணு மட்டும் உங்களுக்கு விட்டுக் குடுக்குறேன். ஆரம்பத்துல ஆம்பளைங்க ஸ்லோ மோஷன்ல குதிரையில வர்றப்ப பித்தளை வாத்தியங்க கொஞ்சம் ஓவர்தான், பாதி சத்தத்துலயே அந்தக் குதூகலம் வந்திருக்கும்.