கியர் மாத்துறதுல சந்தேகமா? கேளுங்க

கோட்டையூர்: அண்ணே, ரிவர்ஸ் போடும்போது மட்டும் 'கர்ர்ர்'னு சத்தம். கியர் பாக்ஸ் போச்சா?

போகலை தம்பி. நிறைய கார்கள்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (பல்லு சேர்றதுக்கு முன்னாடி வேகத்தைச் சமமாக்குற அமைப்பு) கிடையாது. கிளட்சை மிதிச்ச பிறகும் உள்ளே ஷாஃப்ட் கொஞ்ச நேரம் சுத்தும், அப்ப போட்டா பல்லு உரசும். வண்டி முழுசா நின்னதும் கிளட்சைத் தரை வரை மிதிச்சு, மூணு நொடி பொறுத்துப் போடுங்க. அப்பவும் உரசினா முதல்ல ரெண்டாவது கியரைப் போட்டு எடுத்துட்டு ரிவர்ஸுக்கு வாங்க. எஞ்சின் ஓடும்போது எல்லா கியரும் அடம்பிடிச்சு, அணைச்சா லேசா விழுந்தா, கோளாறு கிளட்ச்ல. கேபிளையோ கிளட்ச் ஆயிலையோ பார்க்கச் சொல்லுங்க.

கானாடுகாத்தான்: வீட்டுல ஐயா காலத்து அம்பாசடர், ஸ்டியரிங் பக்கத்துலயே கியர் கம்பி இருக்கிற வண்டி. ஓடும்போது முதல் கியருக்கு இறக்கினா கத்துது.

கத்தத்தான் செய்யும். பழைய அம்பாசடர்ல ரெண்டு, மூணு, நாலுக்குத்தான் சிங்க்ரோ, ஒண்ணுக்கு இல்ல. வண்டியை நிறுத்திட்டு ஒண்ணு போடுறதே நல்லது. ஊர்ந்துக்கிட்டே போடணும்னா டபுள் கிளட்ச்: கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்கு வாங்க, கிளட்சை விடுங்க, ஆக்சிலேட்டரை ஒரு சொட்டு அமுக்குங்க, மறுபடி கிளட்ச், உடனே ஒண்ணு. நடுவுல கொடுக்கிற அந்த ஆக்சிலேட்டர்தான் விஷயமே. அதுதான் உள் ஷாஃப்ட் வேகத்தைச் சக்கரத்துக்குச் சமமா ஏத்துது. கம்மியா கொடுத்தாலும் கத்தும், கூடினாலும் கத்தும். காலியான ரோட்டுல காதை வச்சுப் பழகுங்க.

தேவகோட்டை: கொல்லிமலைக்குக் குடும்பத்தோட போறோம். இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்தானே?

வேணவே வேணாம். எழுபது கொண்டை ஊசி வளைவு அங்க. நியூட்ரல்ல விட்டா மொத்த எடையும் பிரேக் மேல விழும். சூடேறி, பிரேக் ஆயில் கொதிச்சா மிதி பொதுக்குனு உள்ளே போயிடும். மிச்சமும் இல்ல: இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில வண்டி கியர்ல இருக்கும்போதே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெட்ரோலே நின்னுடும், நியூட்ரல்லதான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். ஏறின கியர்லயே இறங்குங்க, அநேகமா ரெண்டுதான். வளைவுக்கு முன்னாடியே கியரை இறக்கிடுங்க, திரும்பும்போது கிளட்சைத் தொடாதீங்க. எஞ்சினை அணைச்சுட்டு உருட்டுறவங்களும் இருக்காங்க! பிரேக் மிதிக்குப் பலம் கொடுக்கிற பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து போயிடும்.

காரைக்குடி: எத்தனை கிலோமீட்டர்ல எந்த கியர்?

சின்ன பெட்ரோல் கார்னா தோராயமா 15-ல ரெண்டு, 30-ல மூணு, 45-ல நாலு, 60 தாண்டினா அஞ்சு. ஏத்தத்துலயும் ஆள் நிறைஞ்சாலும் இன்னும் கொஞ்சம் இழுத்து மாத்துங்க. எஞ்சின் குலுங்கினா ஒரு கியர் குறைங்க.

புதுவயல்: அரிசி லோடு மினி லாரி. நாலாவதுல ஏறி மிதிச்சா சத்தம்தான் ஏறுது, வேகம் ஏறலை.

கிளட்ச் பிளேட் வழுக்குது அண்ணே. டிரைவர் கால் எப்பவும் கிளட்ச் மேலேயே இருக்கான்னு பாருங்க. அரை கிளட்ச்ல லோடைத் தாங்கி நிறுத்தினா பிளேட்டும் தேயும், கிளட்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கும் போகும்; ஏத்தத்துல நிக்கணும்னா ஹேண்ட் பிரேக் போடச் சொல்லுங்க. பிளேட் மாத்தும்போது அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாத்திடுங்க, கியர் பாக்ஸை ரெண்டு தடவை இறக்குற கூலி மிச்சம்.