தர்மபுரியிலிருந்து பெங்களூர் வரை போய் மாற்றியமைத்த கார்களின் கண்காட்சியைப் பார்ப்பது வீண் செலவா?

வீண் செலவு இல்லை, போய்ப் பாருங்கள். அரங்குக்குள் ஓடாமல் நிற்கும் காரைப் பார்க்க டிக்கெட் எதற்கு, படத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கிய, கார் மீது ஆசை உள்ள ஒருவர் என்று நினைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். படத்தில் தெரியாத ஒன்றுதான் அங்கே பார்க்க வேண்டியது. அது தகரவேலை.

என் அப்பா தர்மபுரியில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். தொப்பூர் கணவாயில் நசுங்கிய வண்டிகள் எத்தனையோ அவர் கையில் மறுபடி உருவம் பெற்றிருக்கின்றன. பட்டறையை மூடிய பிறகு அவரைப் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். கான்டெஸ்ஸா, வில்லிஸ் ஜீப், பிரீமியர் பத்மினி என்று அவர் வேலை பார்த்த வண்டிகளே புது உருவத்தில் நின்றன. அவற்றையெல்லாம் ஒரு சுற்றில் பார்த்து முடித்துவிட்டார். பழைய ஃபோர்டு உடலை வைத்து வேகத்துக்காக மாற்றிக் கட்டிய, ஹாட் ராட் எனப்படும் கார் ஒன்றின் முன்னால்தான் நெடுநேரம் நின்றார்.

ஹாட் ராட் பணக்காரர்களின் விளையாட்டாகத் தொடங்கவில்லை. 1930-களில் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, எடை குறைய மட்கார்டையும் பானெட்டையும் கழற்றிவிட்டு, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932-ல் ஃபோர்டு 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொடுத்தது. அந்த ஆண்டு மாடலுக்கு இன்றும் தனி மதிப்பு இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அப்பா பார்த்தது எஞ்சினை அல்ல, கூரையை. கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டி அதைத் தாழ்த்தியிருந்தார்கள். பழைய ஃபோர்டில் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் வெட்டி இறக்கினால் ஓரளவு பொருந்திவிடும். 1949 முதல் 1951 வரை வந்த மெர்க்குரி போன்ற கார்களில் தூண் சாய்ந்திருக்கும். அங்கே கூரையைக் கீழே இறக்கினால் முன்னும் பின்னும் எட்டாது. கூரையையே குறுக்கே பிளந்து, நடுவில் தகரம் சேர்த்து நீட்ட வேண்டும். வெல்டிங் சூட்டில் தகரம் அலை அலையாக நெளியும். அதனால் கொஞ்சம் பற்றவைத்து, ஆறவிட்டு, அடியில் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்துச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் சமன் செய்ய முடியும். பள்ளம் நிரப்ப நாம் பூசும் பட்டி வருவதற்கு முன்பு அமெரிக்காவில் ஈயத்தை உருக்கி இணைப்புகளை நிரப்பினார்கள்.

அரங்குக்குள் வைப்பதை நான் மதிப்பதும் இதனால்தான். மேலே வரிசையாக எரியும் விளக்குகளின் பிம்பம் கதவில் விழும். பின்விளக்குப் பக்கம் குனிந்து, கதவின் நீளத்துக்குப் பாருங்கள். பிம்பம் நேர்கோடாக ஓடினால் நல்ல வேலை. நடுவில் நெளிந்தால் அங்கே தகரம் சரியாகச் சமன் செய்யப்படவில்லை என்று அர்த்தம். தெருவோரம் நிற்கும் வண்டியில் இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் 1950-லேயே ஓக்லாண்டில் இதற்கென்று அரங்கக் கண்காட்சி தொடங்கிவிட்டார்கள்; மிக அழகான ரோட்ஸ்டருக்கு, அதாவது திறந்த கூரைக் காருக்கு, அந்தக் கண்காட்சியில் விருதும் உண்டு.

அப்பா அந்தக் காரின் உரிமையாளரிடம், "தம்பி, இதைச் செய்தது யார்?" என்று கேட்டார். "நான்தான் ஐயா" என்றார் அவர். "கூரையை வெட்டியது யார்? பற்றவைத்தது யார்?" என்று மறுபடி கேட்டதும், "சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன்" என்றார். பெயர் வரவில்லை. பக்கத்தில் இருந்த பலகையில் எஞ்சின், டயர், பெயின்ட், இருக்கைத் தோல் எல்லாவற்றின் விவரமும் இருந்தது. அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேசினார், கண்டிப்பாகப் பெரும் பணமும் போட்டிருப்பார். ஆனால் தகரத்தை வளைத்தவனுக்குப் பலகையில் ஒரு வரி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த வயிற்றெரிச்சல் எனக்குப் பழையது. காப்பீட்டுக்காரர்களும் இப்படித்தான். ஒரு நிறுவனத்தின் சர்வேயர், சேதத்தை மதிப்பிடுபவர், எங்கள் பட்டறைக்கு வருவார். புதுக் கதவின் விலையைக் கேள்வியே இல்லாமல் எழுதிக்கொள்வார். அதே கதவை அப்பா தட்டி நேராக்கி, செலவை மிச்சப்படுத்தினால், கூலியில் பாதியை வெட்டுவார். பிறகு எதற்கு ஒரு பையன் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வருவான்? எங்கள் தெருவில் இன்று எல்லாப் பட்டறையும் கழற்றி மாட்டும் இடமாகிவிட்டது.

சட்டத்துக்குப் புறம்பானதை வளர்க்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு எனக்கும் தெரியும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. கண்காட்சியைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கூரையை வெட்டிக்கொண்டு சேலம் சாலையில் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை.

முடிந்தால் கூட்டம் சேரும் முன் காலையிலேயே உள்ளே போய்விடுங்கள். கயிற்றுக்கு வெளியே நின்றாலும் குனிந்து பார்க்க இடம் கிடைக்கும். உரிமையாளர் பக்கத்தில் இருந்தால் தகரவேலை யாருடையது என்று தவறாமல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த முறை அந்தப் பெயர் பலகையில் ஏறும்.